பதினாலு எண்ணும் தூரம்

விமான தூரம் என்று ஒன்றைப் போனில் காட்டுகிறார்கள். அதை நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் போதும். இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு நூல் பிடித்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு ஓடும். கீழே ஒரு எண் வரும். அந்தக் கோட்டுக்குக் கடலும் கிடையாது, மலையும் கிடையாது, செக்போஸ்ட்டும் கிடையாது. நேராகப் போகும்.

நான் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒரு அறையில் ஆறு பேர். வேலை முடிந்து வந்து படுத்ததும் மற்ற ஐந்து பேரும் போனில் ரீல்ஸ் பார்ப்பார்கள். நான் இந்தக் கோட்டைப் பார்ப்பேன். மஸ்கட், தேனி என்று போடுவேன். தேனியில் விமான நிலையம் இல்லை, பக்கத்தில் மதுரை இருக்கிறது என்று சொல்லும். எனக்குத் தெரியாதா? பத்து வருடத்துக்கு மேல் ரயிலே இல்லாமல் கிடந்த ஊர் அது. தெரிந்தும் போடுவேன். அந்த எண் ஒரு நாளும் ஒரு கிலோமீட்டர்கூடக் குறைந்ததில்லை. குறையாது என்று தெரிந்தும் மறுநாள் போடுவேன்.

இதை ஊர் ஏக்கம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஊரைப் பற்றி எனக்கு ஒரு ஏக்கமும் இல்லை. தண்ணீர் திறந்தால் ஒரு சண்டை, மூடினால் ஒரு சண்டை, தெருவுக்கு நாலு பங்காளிப் பகை. அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எனக்கு வேண்டியது அங்கே ஒரே ஒரு ஆள்தான். என் தங்கை.

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள். அவளுடைய கல்யாணத்துக்கு நான் போகவில்லை. போக முடியவில்லை என்று எழுத வந்தேன், அது பொய். கம்பெனியில் லீவு தரவில்லை. தராவிட்டால் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வீடியோவில் பார்த்தேன். தாலி கட்டுகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பினபடியே திரையில் நின்றுவிட்டது. திரும்பப் படம் வந்தபோது எல்லாரும் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தங்கை அதற்காக ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் பெண் குழந்தை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, கல்யாணத்த வீடியோவுல பாத்த. சரி. இவளுக்குக் காது குத்தையில மடி வேணும். வீடியோவுக்கு மடி இருக்காது, பாத்துக்க."

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தோடும் தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். வேறு ஆள் மடியில் குத்தினால் காது ஒன்றும் அழுகிப் போகாது. ஆனால் பிள்ளையைப் பெற்றவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை என்று அர்த்தம். அதை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். இலையில் சோறு வைக்கிற தினுசில் சொல்வார்கள். என் தங்கை கல்யாணத்தன்று ஒருமுறை அதை வாங்கிக்கொண்டாள். இரண்டாம் முறையும் வாங்க வைக்கக் கூடாது என்றுதான் நான் வருவதாகச் சொன்னேன்.

குழந்தைக்கு மூன்று வயதானதும் நாள் குறித்தார்கள். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். இடம், மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில். கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது.

"காதுக்கு ஒரு வேட்டு, மச்சான். எங்க கோயில் வழக்கம். ரெண்டு போட்டா மலையே திரும்பிப் பாக்கும்" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

எனக்குக் கிடைத்தது சின்ன லீவு. வெள்ளி, சனி, ஞாயிறு. மதுரை வழியாக வருவதென்றால் வியாழக்கிழமை மதியமே விமானம் ஏற வேண்டும். அதற்கு அரை நாள் கூடுதலாகக் கேட்க வேண்டும். எங்கள் மேனேஜர் முன்னால் போய் நின்று இன்னொரு அரை நாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். கொச்சிக்கு வியாழக்கிழமை இரவில் ஒரு விமானம் இருந்தது. முழு நாளும் வேலை பார்த்துவிட்டு ஏறலாம். யாரிடமும் நிற்க வேண்டியதில்லை.

போனில் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். மதுரை விமான நிலையத்திலிருந்து கம்பம் தொண்ணூறு கிலோமீட்டர் காட்டியது. கொச்சியிலிருந்து நூற்றுச் சொச்சம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். எனக்குத் தெளிவாகிவிட்டது.

வேறு ஊர்க்காரன் எவனும் இப்படிக் கணக்குப் போட மாட்டான். சாலை எவ்வளவு தூரம் என்று பார்ப்பான். நாங்கள் அப்படி இல்லை. வாசலில் நின்று பல் விளக்கும்போதே மலை தெரிகிற ஊர் எங்களுடையது. மலைக்கு அந்தப்பக்கம் கேரளா என்று நடக்கப் பழகும்போதே தெரியும். விடியும் முன்னால் பெண்கள் ஜீப்பில் ஏறி மேலே ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போவார்கள், சாயங்காலம் இறங்கி வந்து உலை வைப்பார்கள். கேரளாவுக்குப் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். மேலே போகிறேன் என்பார்கள். மச்சு வீட்டு மாடிக்குப் போகிற மாதிரி. அப்படிப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கொச்சி என்பது மலைக்குப் பின்புறச் சுவர். சுவரைத் தாண்டினால் வீடு.

தங்கை சொன்னாள்.

"மதுரைக்கே வாண்ணே. கொச்சி சுத்து."

"நேர்க்கோட்டுல நூறு கிலோமீட்டருதான் ஆத்தா. மூணு மணி நேரத்துல வந்துருவேன்."

"கோட்டு மேலயா வரப்போற? ரோட்டு மேலதான வரணும்?"

"எனக்குத் தெரியும். நீ வைய்யி."

வைத்துவிட்டாள். எனக்குத் தெரியும் என்று சொல்லித்தான் நான் வாழ்க்கையில் பாதியைக் கெடுத்துக்கொண்டேன்.

விமானத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டாயிரத்து நானூறு சொச்சம் கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதிகாலையில் கொச்சியில் இறக்கிவிட்டது. வெளியே தூறல். கார் பிடித்தேன். ஓட்டியவன் சின்ன வயது, மலையாளி. என் அவசரத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினான். தொடுபுழை வரைக்கும் நன்றாகத்தான் போனான். அதற்கப்புறம் சாலை வளைய ஆரம்பித்தது. வளைந்தது, வளைந்துகொண்டே இருந்தது. எனக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் ஞாபகம். இந்த வளைவெல்லாம் யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்று கத்தினேன்.

"சேட்டா, இது ஏரோப்ளேன் அல்ல. வளவு உண்டு" என்றான், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நகைக்கடை ரோஸ் தாளில் மடித்த தோடு, ஜோடியாக. சின்னப் பூ வைத்தது, மிளகு அளவு. கட்டப்பனை தாண்டும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கம்பம் மெட்டை அடைந்தபோது ஒன்பது ஐம்பது.

மெட்டு என்பது மலையுச்சி. இரண்டு மாநிலமும் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் கம்பம். அரை மணி நேரம். போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நான் நினைத்த நேரத்தில் கார் நின்றது. முன்னால் ஜீப்புகள், ஒரு சிமெண்ட் லாரி, ஒரு பஸ். செக்போஸ்ட்டுப் போலீஸ்காரர் கையை ஆட்டித் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். கீழே ஆறாவது வளைவில் பாறை விழுந்து சாலை அடைத்துக் கிடந்தது. குமுளி சுற்றிப் போகச் சொன்னார். குமுளி சுற்றினால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். சாலையோர டீக்கடைக்குப் பக்கத்தில் பாறை விழுவதற்கு முன்பே மேலே வந்துவிட்ட எஸ்டேட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், இடுப்பில் உரச்சாக்கைக் கட்டிக்கொண்டு, அடுத்த ஜீப்புக்காக நின்றார்கள். அதில் வயதில் மூத்த ஒரு அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"என்ன தம்பி, பொட்டியப் பிடிச்சுக்கிட்டு மலையக் கோவிச்சுக்கிட்டு நிக்கிற?"

"ரோட்ட எப்பத் தெறப்பாக?"

"பாறையத்தான் கேக்கணும்."

"நடந்து எறங்குனா?"

"எங்களுக்கு ஒண்ணேமுக்கா மணி நேரம். ஒங் காலுல கெடக்கிற சூவுக்குச் சாயந்தரம் ஆகும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கை மகளுக்குக் காதுகுத்து, பத்தரைக்குள் மடி கொடுக்க வேண்டும் என்றேன். சிரிப்பு நின்றது. ஒரு இளவட்டப் பெண் மட்டும் அடக்க முடியாமல் சொன்னாள்.

"ஏலே, மாமன் மலை மேல நின்னா மடி எங்கிட்டுக் கூடி எறங்கும்?"

"வாய மூடுடி. அது மூஞ்சியப் பாரு" என்று அதட்டிவிட்டு, அந்த அம்மா என்னைச் சாலை விளிம்புக்குக் கூட்டிக்கொண்டு போனது. "எந்தக் கோயிலு?"

சொன்னேன். கையை நீட்டியது.

"அந்தா, தென்னந்தோப்பு முடியுதுல்ல. அங்கன ரெண்டு புளியமரம் கருப்பாத் தெரியுதா? அதுக்கு இங்கிட்டு வெள்ளச் செவரு. நல்லாப் பாரு. பந்தல்கூடப் போட்டுருக்காக."

பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் தூறல். முன்னால், கீழே, பள்ளத்தாக்கு முழுக்க வெயில். தென்னை, வயல், திராட்சைப் பந்தல், சின்னச் சின்னதாகத் தகர மினுக்கல். புளியமரத்துக்குப் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு வெள்ளையாக ஒரு சுவர். அதை ஒட்டி நீல நிறத்தில் ஒரு துணுக்கு. பந்தல். ஆள் ஒருவரும் தெரியவில்லை. ஆனால் அங்கே என் தங்கை இருந்தாள். கல்லை எறிந்தால் விழுந்துவிடும் போல இருந்தது. இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்தில் தாண்டி வந்தவன், இதைத் தாண்ட வழியில்லாமல் நின்றேன். அந்த நீலத் துணுக்கைப் பார்க்கப் பார்க்க, அறையில் படுத்துக்கொண்டு எண்ணைப் பார்க்கிற அந்த வலியே வந்தது. மஸ்கட்டில் இருந்த வரைக்கும் தூரத்தைத் திட்டினேன். இங்கே திட்டுவதற்குத் தூரம்கூட இல்லை.

போன் அடித்தது. அவள்தான்.

"எங்கன இருக்கண்ணே?"

"மெட்டுல."

"மெட்டுக்கு வந்துட்டியா! அப்ப எறங்கிற வேண்டியதான?"

"ரோட்டுல பாறை விழுந்து கெடக்கு ஆத்தா."

அவள் பக்கத்தில் மேளச் சத்தம். யாரோ மைக்கில் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் வெட்கத்தை விட்டு ஒன்று சொன்னேன்.

"மலையப் பாரு. செக்போஸ்ட்டுக்கு வலது பக்கம் நிக்கிறேன்."

மேளச் சத்தம் தள்ளிப் போனது. பந்தலை விட்டு வெளியே வந்திருப்பாள்.

"மலைதாண்ணே தெரியுது."

"துண்ட வீசுறேன், பாரு."

வீசினேன். டீக்கடைப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கவலையில்லை.

"மலைதான் தெரியுது" என்றாள் மறுபடி. அப்புறம் தணிந்த குரலில், "பெரியப்பா மகன உக்காரச் சொல்றாக. ஆசாரி ஊசியக் கையில எடுத்துட்டாக."

"உக்காரட்டும்."

"உக்காரட்டும்ண்டா சொல்ற?"

"நேரம் போகுதுல்ல?"

"சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

பத்து இருபதுக்கு அந்த வெள்ளைச் சுவருக்குப் பின்னால் ஒரு புகை எழும்பியது. பஞ்சுக்காய் வெடித்த மாதிரி, சின்னதாக, வெள்ளையாக. சத்தம் இல்லை. வேட்டு என்று புரிந்தது. ஒரு காது. பள்ளிக்கூடத்தில் மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். நான் எண்ணினேன். எதற்கென்று தெரியாது, வாய் எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினாலு எண்ணியபோது சத்தம் வந்தது. கதவை யாரோ மெதுவாகச் சாத்தின மாதிரி இருந்தது. நாலரை கிலோமீட்டரும் கொஞ்சமும். அங்கே குழந்தை அழுது, தங்கை அவளை வாரி எடுத்து, எல்லாம் ஆன பிறகுதான் எனக்குச் சத்தம் வந்து சேர்ந்தது.

இரண்டாவது வேட்டுக்காகக் காத்திருந்தேன். பத்து இருபத்தைந்து. பத்தரை. பத்து முப்பத்தைந்து. புகை எழும்பவில்லை.

"ரெண்டாவது நமுத்துப் போச்சு போல" என்றது அந்த அம்மா.

கார்க்காரனைக் கணக்கு முடித்து அனுப்பினேன். குழந்தைக்கு வாங்கிய பொம்மையை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியைக் கடைக்காரரிடம் விட்டேன், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று. போலீஸ்காரர் தடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓரமாகப் போகச் சொன்னார். இறங்கினேன். அந்த அம்மா சொன்னது சரி. ஷூ வழுக்கியது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாறை யானை மாதிரி சாலை நடுவில் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு ஜீப் என்னை ஏற்றிக்கொண்டது. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு ஆகிவிட்டது. பந்தி நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

தங்கை புளியமரத்தடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அழுது முடித்து விக்கிக்கொண்டிருந்தது. வலது காதில் மெல்லிய தங்கக் கம்பி. இடது காதில் ஒன்றுமில்லை.

"வேட்டு நமுத்துருச்சா?" என்றேன். அதுதான் முதலில் வந்தது.

"இல்ல. வலது காத நேரத்துக்குக் குத்தியாச்சு. எடது காது எங்க அண்ணனுக்குண்டு சொல்லிட்டேன்."

"ஒத்துக்கிட்டாகளா?"

"ஒங்க மச்சான் மொறச்சாக. அவுக அம்மா ஒத்தக் காதோட பிள்ளைய வீட்டுக்குக் கொண்டுட்டுப் போவாகளாண்டு கேட்டாக. நான் கொண்டுட்டுப் போவேண்டு சொன்னேன்."

"ஆசாரி எங்க?"

"தேவாரத்துல இன்னொரு வீட்டுக்குப் போயிட்டாக. பத்தரை தாண்டுச்சுண்டா அவுக எதுக்கு இருக்காக?"

"நாளைக்குக் கூப்புடு."

"நாளைக்கு அஷ்டமி."

"நாளன்னைக்கு?"

"நவமி."

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்ப வேண்டும். அஷ்டமியாவது மண்ணாவது என்று கத்தினேன். பந்தியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை எழுந்திருக்கக்கூட இல்லை.

"கத்தாதண்ணே. கத்துறதுக்குண்டா மஸ்கட்டுலருந்தே கத்தியிருக்கலாம்."

உட்கார்ந்தேன். குழந்தையைக் கூப்பிட்டேன். அது என்னைப் பார்த்ததும் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டது. மாமா வந்ததும் இந்தக் காது என்று அதனிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். வலது காது எப்படி இருந்தது என்று அதற்குத் தெரியும். என்னிடம் வருமா? நான் வாங்கிக்கொண்டு போன பொம்மையை வாங்கியது, ஒரு கையால். மறு கை காதிலேயே இருந்தது. இரண்டு நாளும் அப்படித்தான். நான் அறைக்குள் வந்தால் கை காதுக்குப் போய்விடும். நான் வெளியே போனால் இறங்கிவிடும்.

ஞாயிறு காலை மதுரைக்குக் கிளம்ப நின்றேன். திரும்பிப் போக மதுரையில்தான் டிக்கெட் போட்டிருந்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தங்கை தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நல்ல கனம். தலையில் எண்ணெய் வாசம். கை தளர்ந்து காதிலிருந்து நழுவி என் தொடை மேல் கிடந்தது. இடது காது வெறுமையாக, மெல்லிசாக, வெளிச்சம் பட்டால் சிவப்பாகத் தெரிந்தது. ஆசாரியும் இல்லை, மேளமும் இல்லை, ஒரு ஆள் இல்லை. கார் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனது.

தங்கையிடம் ரோஸ் தாளைக் கொடுத்தேன். அவள் பிரித்து ஒரு தோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை அதே தாளில் மடித்துத் திருப்பித் தந்தாள்.

"இத நீயே வச்சுக்க. வரும்போது கொண்டா."

அது இப்போது என் பர்ஸில் இருக்கிறது. வீடியோவில் பேசும்போது வலது காதில் தோடு மின்னுகிறது. என் முகம் திரையில் வந்ததும் இடது காதுக்குக் கை போய்விடுகிறது. தங்கை சிரிக்கிறாள். நானும் சிரித்து வைக்கிறேன். போனை வைத்த பிறகு பர்ஸைத் திறந்து ரோஸ் தாள் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். கோடு போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

தை மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். மதுரைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். முந்தின நாள் மதியமே கிளம்ப அரை நாள் வேண்டும் என்று போன வாரம் மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"போயிட்டு வா" என்றார்.

கேட்டு முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.